ஆய்வுச் சிந்தனைக்கு எட்டு பாயிண்ட்

சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு முதலில் தொண்டை போகும், அடுத்து தூக்கம் போகும், நம்பிக்கை மட்டும் போய்த்தொலையாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். செல்லூர் சந்துக்குள்ளிருந்து பஸ் மாறிப் போய், இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ‘கற்கும் திறனும் ஆய்வுச் சிந்தனையும்’ என்ற தாளை நடத்துகிறேன். சாக்பீஸ் பிடித்துக் கெட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

முதல் வகுப்பு

நல்ல தொடக்கமாக இருக்கட்டும் என்று, “நான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்” என்றேன். வகுப்பு முழுக்கத் தலை குனிந்து அதை எழுதிக்கொண்டது. கடைசி பெஞ்சிலிருந்து வாடிப்பட்டி அழகுபாண்டி கை தூக்கினான். வந்தது பார் முதல் கேள்வி என்று எனக்குப் பூரிப்பு. “சார், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?” என்றான்.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் ஒரு பெண் எழுந்தாள். செல்வராணி என்று பெயர். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். “நீங்க சொல்றத நம்பாதீங்கன்னு சொல்றீங்க. அத மட்டும் எதுக்கு சார் நம்பணும்?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த தோழி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடி, பஸ்ஸு போயிரும்.”

சாமி விட்ட யூனிட்

உள்தேர்வு வந்தது. அழகுபாண்டியும் அவன் கூட்டாளிகளும் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் பார்ப்பார்களே, அதேதான். ஒவ்வொரு யூனிட் நம்பரையும் சீட்டில் எழுதி, பூவோடு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. கையில் வந்த யூனிட் பரீட்சையில் வராது, அதைப் படிக்க வேண்டாம். வந்தது மூன்றாவது யூனிட். சான்றுகளை எப்படி எடைபோடுவது என்பது அதன் தலைப்பு. கேள்வித்தாள் எடுத்தவன் நான், சாமியைக் கலந்துகொள்ளவில்லை. பாதிக் கேள்வி அதிலிருந்துதான் வந்தது.

விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, “இப்போதாவது புரிகிறதா?” என்றேன். “சாமி கரெக்டாத்தான் சார் சொல்லிருக்கு. பொட்டலம் கட்டுன பய கைதான் சுத்தமில்ல” என்றான் அழகுபாண்டி. செல்வராணி அவன் பக்கம் திரும்பி, “சரி, என்ன நடந்தா பூக்கட்டுறது தப்புன்னு ஒத்துக்கிருவ? அத மொதல்ல சொல்லு” என்றாள். நான் மூன்று வாரம் தொண்டை கிழியச் சொன்னதை இந்தப் பெண் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அழகுபாண்டிக்கோ கோபம் வந்துவிட்டது.

“பாருங்க சார், சாமிக்கே டெஸ்ட் வைக்கச் சொல்றா!”

துறைத்தலைவர் கூப்பிட்டார்

செல்வராணி மற்ற வகுப்புகளிலும் ஏன் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, டீயும் வரவழைத்தார். டீ வந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு வளாக நேர்காணலில் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் அவள்தான். ஒரு தாளில் அரியர் விழுந்தாலும் வேலை ரத்து என்பது நிபந்தனை. அவர் அதைத்தான் நினைவுபடுத்தினார். கெட்ட மனுஷர் அல்ல, அதுதான் கஷ்டமே.

“கேள்வி கேக்கச் சொல்லிக் குடுங்க தம்பி, வேணாங்கல. ஆனா பாஸ் பண்ணிட்டுக் கேக்கச் சொல்லுங்க.”

கீயில் இல்லாதது

பல்கலைக்கழகத் தேர்வில், ‘ஆய்வுச் சிந்தனையாளரின் பண்புகள் எட்டினை எழுதுக’ என்று வந்தது. ‘கற்கும் முறைகள் பத்து’ என்று இன்னொன்று. இப்படியேதான் தாள் முழுக்க. நம் அழகுபாண்டி பாஸ். செல்வராணி ஃபெயில்.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். எட்டுப் பண்புக்குப் பதில் ஒரே ஒரு விஷயத்தை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவர்கள் ஊரில் கைவிட்ட கல்குவாரிக் குழியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். தெளிவாக இருக்கிறதே, நல்ல தண்ணீர்தான் என்று எல்லோரும் குடித்திருக்கிறார்கள். தெளிவாக இருப்பதும் நல்லதாக இருப்பதும் ஒன்றா, ஒன்றில்லை என்றால் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டே போயிருந்தாள். மறுமதிப்பீட்டுக்குப் போட்டோம், அதிலும் அதே மார்க்தான் வந்தது. திருத்தும் பணியில் இருந்த நண்பர் ஒருவரிடம் நகலைக் காட்டி நியாயம் கேட்டேன். நிதானமாக, முழுவதும் படித்துவிட்டு, ‘கீ’ என்கிற விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“பிரமாதமா எழுதிருக்கு சார் இந்தப் புள்ள. ஆனா இதுல ஒண்ணுகூட கீயில இல்லையே.”

ஒப்பித்தல்

கம்பெனிக்காரர்கள் சிறப்புத் துணைத்தேர்வு முடிவு வரை காத்திருக்கச் சம்மதித்தார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் செல்வராணி வந்தாள். அந்தக் குவாரி விடையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நான் ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஜெராக்ஸ் கடையில் விற்கிற நோட்ஸை என் கையில் கொடுத்தாள். “ஒப்பிக்கிறேன், விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க சார்” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்று, இரண்டு என்று மழையாகக் கொட்டியது. “ஆறு. எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஏன் என்று கேட்பவர்” என்று ஒரே சுதியில் சொல்லிவிட்டு ஏழுக்குத் தாவினாள். நிறுத்தச் சொல்லி, “ஏம்மா, ஏன் என்று கேட்பது ஏன் ஆறாவதாக இருக்கிறது? முதலில் அல்லவா இருக்க வேண்டும்?” என்றேன். அந்தப் பழைய பெண் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிடமாட்டாளா என்ற நப்பாசைதான். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை, என் மேல் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது.

“அதெல்லாம் வேலையில சேந்துட்டுக் கேட்டுக்கிறேன் சார். மாத்திச் சொன்னா மார்க் போயிரும், நீங்க ஏழாவதப் பாருங்க.”

செல்வராணி முதல் வகுப்பில் தேறி இப்போது சென்னையில் இருக்கிறாள். இங்கே என் பாடம் ஒவ்வொரு வருடமும் சீக்கிரமே முடிந்துவிடுகிறது, நடுவில் எழுந்து நின்று ஏன் என்று கேட்க யாரும் இல்லை.