அப்பாவுக்குக் கடை வைத்துக் கொடுத்தது யார்?

அந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தபோது வாயெல்லாம் கசந்துகொண்டிருந்தது. 2003-ஆம் வருடம், டோல்கேட் பக்கத்தில் எங்கள் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ஒரு நைஜீரியக்காரர் கொடுத்த கொட்டையை மென்றபடி நின்றிருந்தேன்.

அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'லாரி பாகங்கள் வேண்டுமா?' என்று ஊர் உலகத்துக்கெல்லாம் மெயில் தட்டுவதுதான் வேலை. பதில் போட்டு, சரக்கைப் பார்க்க நேரில் வருவதாகச் சொன்ன ஒரே ஆள் அந்த நைஜீரியக்காரர். அனம்ப்ரா மாநிலத்தில் நெவி என்று ஒரு ஊராம். விடுவேனா? இணையத்தில் தோண்டினேன். ஸ்பேர் பார்ட்ஸ் விற்றே கோடீஸ்வரர் ஆனவர்கள் அந்த ஊரில் நிறையப் பேராம். பஸ் கம்பெனி, தொழிற்சாலை என்று வளர்ந்தவர்கள் உண்டாம். ஒரு வாரம் அப்பாவிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"அம்மாம் பெரிய பணக்காரன் நம்ம கடைக்கு இன்னாத்துக்கும்மா வர்றான்?" என்றார் அப்பா. ஆனாலும் டியூப்லைட்டை மாற்றினார், புது நாற்காலி ஒன்றும் வாங்கிப்போட்டார்.

அந்த வாரம் கடையில் ஒரு சங்கடம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் வேலை பார்க்கும் அண்ணன், நான் யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து அங்கே இருப்பவர். தை பிறந்ததும் கொருக்குப்பேட்டையில் சொந்தமாகக் கடை போடப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா அவருடன் பேசவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அவர் நின்றாலும், "பேரிங்கை எடுக்கச் சொல்லு அவன" என்று என்னிடம்தான் சொல்வார். நான் நடுவில் தபால்காரி.

எங்கள் கடை வரிசையில் அதுதான் வழக்கம். கடையை விட்டுப் போய்த் தனிக்கடை போடுகிறவன் துரோகி. பழைய முதலாளி டீலர்களுக்கெல்லாம் ஒரு போன் போட்டால் போதும், புதுக் கடைக்குச் சரக்கு வராது. வெள்ளிக்கிழமை போன் போடப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். அண்ணனோ அண்ணியின் வளையலை விற்று இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் நைஜீரியக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் எதிர்பார்த்த தங்கச் சங்கிலி எதுவும் இல்லை. அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு பை. நேராகக் குடோனுக்குள் போய்க் கிரீஸில் கைவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு புது நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பெரிய கொட்டை ஒன்றை எடுத்தார். நம்மூர் வெற்றிலை பாக்கு மாதிரி, அவர்களுக்கு அது மரியாதையாம். அவர்கள் பாஷையில் ஏதோ வேண்டிக்கொண்டு, உடைத்து, அப்பாவுக்கும் எனக்கும் கொடுத்தார். ஓரமாக நின்ற அண்ணனையும் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். இவர் எத்தனை வருடமாக இங்கே என்று கேட்டார்.

பத்து வருடத்துக்கு மேல் என்றேன். அதோடு நிறுத்தாமல், தை பிறந்ததும் தனிக்கடை போடுகிறார் என்பதையும் இங்கிலீஷில் உளறிவிட்டேன்.

அவர் சட்டென்று எழுந்து அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னாவாம்?" என்றார் அப்பா.

"உங்கள வாழ்த்துறாருப்பா."

"என்னையா? எதுக்கு?"

அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவர்கள் ஊரில் வியாபாரியிடம் சேருகிற பையன் சில வருடம் அங்கேயே இருந்து தொழில் பழகுவானாம். காலம் முடிந்ததும் முதலாளியே அவனுக்குக் கடை வைத்து, சரக்கு கொடுத்து, தன் டீலர்களிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைப்பாராம். இவரும் அப்படி வந்தவர்தான். அங்கே ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை அவர் காரை வைத்துச் சொல்ல மாட்டார்களாம், அவர் ஆளாக்கிய ஆட்களை வைத்துத்தான் சொல்வார்களாம். இவர் வளர்த்துவிட்ட ஒருவன் இப்போது இவரையே தாண்டிப் போய்விட்டான். அதை அவர் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. எல்லாருமே யோக்கியர்கள் இல்லை, கடைசி வருடத்தில் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்துகிறவர்களும் உண்டு என்று அவரே சொன்னார்.

பிறகு சாதாரணமாக அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: உங்களுக்குக் கடை வைத்துக் கொடுத்தது யார்?

தமிழில் சொன்னேன். அப்பா தெருவைப் பார்த்தார். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் நகராமல் நின்றன. எனக்குக் கதை தெரியும். அப்பாவும் இதே ரோட்டில் ஒரு கடையில் நின்றவர். வெளியே வந்தபோது அந்த முதலாளி போன் போட்டார். ரொம்ப நாள் நெல்லூரிலிருந்து பஸ்ஸில் சரக்கு போட்டுக் கொண்டுவந்து பிழைத்தார் அப்பா. அந்த முதலாளி இறந்தபோது மாலைக் கடைவரை போனவர், வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

"யாரும் இல்லன்னு சொல்லும்மா."

சொன்னேன். நைஜீரியக்காரர் இன்னொரு துண்டு கொட்டையை எடுத்து அப்பா கையில் வைத்தார். அந்தக் கசப்பை அப்பா துப்பாமல் மென்று முடித்தார். அப்புறம் அண்ணனின் பக்கம் திரும்பினார்.

"போர்டு எழுதக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல மொதலாளி."

"கடைசி நேரத்துல குடுத்தா கோணலா எழுதி வெப்பான். நாளைக்கே குடு. வெள்ளிக்கெழம டீலருங்களப் பாத்துட்டு வருவோம். நீயும் வந்துடு."

அண்ணன் திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்துவைத்த பேரிங்கையே துடைத்துக்கொண்டிருந்தார்.

உடனே எல்லாம் இனித்துவிடவில்லை. எங்கள் வாடிக்கையாளர் சிலர் அண்ணன் கடைக்குப் போனபோது அப்பா சாப்பிடாமல் கோபித்துக்கொண்டார். ஆனால் இன்று நெவிக்குப் போகிற கன்டெய்னரில் இரண்டு கடைச் சரக்கும் சேர்ந்துதான் ஏறுகிறது.

போன வாரம் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு பெண் எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நன்றாகத் தொழில் பழகு, நீ கடை போடும்போது முதல் சரக்கு எங்கள் குடோனிலிருந்துதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். "சேந்த அன்னிக்கே போறதுக்கு வழி சொல்றியேக்கா" என்று சிரித்தாள். வரிசையில் மற்ற முதலாளிகளும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அடுத்த மாதம் அவளை டீலர்களிடம் கூட்டிப்போகப் போகிறேன். அவளுக்குக் கடை வைத்துக் கொடுத்தது யார் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், என் அப்பாவைப் போல அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.