மூலையில் வைத்த முட்டை

என் தம்பிக்கு முட்டைக் கிடங்கில் வேலை. நானும் அங்கேதான், பெட்டி கட்டும் பக்கம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் முட்டை அடுக்கிய தட்டை வைத்தால் நல்ல முட்டை சிவந்து தெரியும், கூமுட்டை கறுத்துத் தெரியும். கறுத்ததைப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். அந்த வாளியைப் பற்றி அதிகம் எழுதினால் இந்தத் தாளும் நாறும்.

மற்றவர்கள் தட்டின் நடுவைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். கண் போய் விழுவதே நடுவில்தான். ஓரத்தில் இருப்பது உறைப்பதற்குள் தட்டு போய்விடும். தம்பி மட்டும் ஒவ்வொரு மூலையையும் மூக்குக்கு நேராக இழுத்துப் பார்ப்பான். சிறு வயதிலிருந்தே அவன் அரைகுறையாக எதையும் செய்ததில்லை.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறே? தள்ளுடா!" என்பார் மேற்பார்வையாளர்.

ஒரு நாள் பேக்கரியில் கேக் மாவுக்குள் கூமுட்டை விழுந்து, அண்டாவோடு கொட்டினார்களாம். பேக்கரிக்காரர் நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

"இந்த ஆமையாலதான் மத்தவங்க அவசரப்பட வேண்டியிருக்கு. அவர் முன்னாலயே இவனை வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார் மேற்பார்வையாளர்.

சாப்பாட்டு நேரத்தில் தம்பி என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, கூமுட்டை எல்லாம் மூலையிலதான் வருது. கோழி மூலை பாத்தா முட்டை போடும்? அதுவும் ஒரே ஆளு தட்டுல."

அந்த ஆள் கிடங்குக்கு முட்டை கொண்டுவந்து போடுபவன், மேற்பார்வையாளரின் மச்சான். எங்கள் கண் எங்கே விழும் என்பது அவனுக்கு அத்துப்படி.

பேக்கரிக்காரர் வந்தார். "இதோ, இவன்தான்" என்று மேற்பார்வையாளர் கை நீட்டினார்.

 மச்சானின் வண்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிய தட்டு ஒன்றைத் தம்பி தூக்கி வந்தான். "நடுவுல ரெண்டு உடைச்சுப் பாருங்கய்யா." இரண்டும் நல்ல முட்டை. பிறகு மூலையிலிருந்த நான்கையும் எடுத்து, மேற்பார்வையாளரின் காலி டீ கிளாஸில் ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினான். மூன்று, பச்சையும் கறுப்புமாகக் கொழகொழவென்று இறங்கின. நாலாவது நன்றாக இருந்தது.

"பாருங்க, இது நல்லாத்தானே இருக்கு!" என்று பாய்ந்தார் மேற்பார்வையாளர்.

"அப்ப குடிங்கண்ணே" என்று கிளாஸை அவரிடம் நீட்டினான் தம்பி.

பேக்கரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினார்.

முதலாளி விசாரித்தார். தம்பியை அனுப்பவில்லை. மச்சானையும் அனுப்பவில்லை; விலை குறைத்துத் தருகிறானாம். தூ! இப்போது அவன் மூலையில் வைப்பதில்லை, தட்டு முழுக்கக் கலந்து வைக்கிறான். தம்பி தட்டு முழுவதையும் மூக்குக்கு நேராக இழுத்துப் பார்க்கிறான். "தள்ளுடா" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த டீ கிளாஸைச் சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். நாற்றம் போகவில்லை. கிடங்குக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன்.