எங்கள் தெருவுக்கு வந்த காலேஜ் பஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த சமயம், சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்த கதை இது. அப்போது என் மகள் ஒரு தனியார் என்ஜினீயரிங் யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். யுனிவர்சிட்டி இருப்பது சென்னைக்குத் தெற்கே, கண்காணாத தூரத்தில். நாங்கள் இருப்பது வடக்கே, மணலிக்குப் பக்கத்தில். நடுவில் மொத்த சென்னையும் கிடக்கிறது.

அந்த யுனிவர்சிட்டி மேல் எனக்கு முதலிலிருந்தே கடுப்பு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுதான் தாமதம், என் நம்பர் எங்கே கிடைத்ததோ, ஒரு பெண் தினமும் தேனொழுகப் போன் செய்வாள். “மேடம், ஒரே ஒரு சீட்தான் இருக்கு, இன்னைக்கே புக் பண்ணிடுங்க” என்பாள். அந்த ஒரே ஒரு சீட் மாதம் முழுக்கத் தீரவே இல்லை. நேரில் போனால் ஏசி ஹால், ஜூஸ், கோட்டு போட்டவர்கள் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். ஃபீஸ் கட்டிய மறுநாளிலிருந்து ஏதாவது சந்தேகம் கேட்கப் போன் செய்தால் கிணற்றில் போட்ட கல்தான்.

கெமிக்கல் என்ஜினீயரிங் எடுக்கச் சொன்னது நான். “பொறந்ததுலேர்ந்து இந்த ஃபேக்டரி நாத்தத்த மோந்துகினு கீற. அத்தயே படிச்சி சம்பளமாவது வாங்கு” என்றேன். அவளுக்கும் கெமிஸ்ட்ரி என்றால் உயிர். தினமும் இருட்டோடு எழுந்து கிளம்புவாள். வெல்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய்த் திருவொற்றியூர் தேரடியில் விடுவார். அங்கிருந்து காலேஜ் பஸ். தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே வருவாள்.

ஒரு நாள் வந்து, இண்டஸ்ட்ரியல் விசிட் போகிறோம், வராதவர்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்டேன். பெங்களூர், வைசாக் என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், மணலியில் ஒரு ஃபேக்டரி என்றாள். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் அதன் புகைபோக்கி தெரியும்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ நேராக ஃபேக்டரி கேட்டுக்குப் போய் நின்றுவிடு, காலையில் நன்றாகத் தூங்கலாம் என்றேன். முடியாதாம். எல்லோரும் காலேஜில் கூடி, அங்கே அட்டென்டன்ஸ் கொடுத்து, பஸ் ஏறி இங்கே வந்து, பார்த்துவிட்டுத் திரும்ப காலேஜுக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டுமாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் ஊரையே சுற்றித் தொடச் சொல்கிறார்கள்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல், விசிட்டுக்குப் பொறுப்பான சாருக்குப் போன் போட்டேன். “சார், எம் பொண்ணு வூடு அந்த ஃபேக்டரிக்குப் பக்கத்துலதான் கீது. நேரா கேட்டாண்ட வந்து நிக்கட்டுமே.”

“சாரி மேடம், ரூல்ஸ். எல்லாரும் கேம்பஸ்ல அசெம்பிள் ஆகணும்” என்று வைத்துவிட்டார். எந்தப் பெண் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் இதைச் சொன்னதும் மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அட்ரஸ் சொல்லிட்டியாம்மா?” என்றாள். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. காலேஜில் எல்லோரிடமும் தேரடி பக்கம் வீடு என்று சொல்லி வைத்திருக்கிறாள். முதல் வருடம் ஒரு பெண், “சடையங்குப்பமா? மழை வந்தா ஜனங்கள போட்ல கூட்டிட்டுப் போறத டிவில காட்டுவாங்களே, அந்த இடம்தானே? அங்கல்லாம் மனுஷங்க இருக்காங்களா?” என்று கேட்டாளாம். அதிலிருந்து தேரடிக்குக் குடி போய்விட்டாள். “தேரடில உனக்கு எவன்டி வூடு கட்டிக் குட்த்தான்?” என்று கத்தினேன். ராத்திரி நான் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. அவள் அப்பா மட்டும் இரண்டு பேர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

விசிட் நாளும் வந்தது. வழக்கம்போல இருட்டில் கிளம்பித் தெற்கே போனாள். முதல் நாள் பெய்த மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். மதியம் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது வெளியே பெரிய சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த யுனிவர்சிட்டியின் பஸ், எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

பிறகுதான் தெரிந்தது. ஃபேக்டரிக்குள் போக காட்டன் துணியும் மூடின ஷூவும் வேண்டும். அதை யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பாலியஸ்டர் சுடிதாரும் செருப்புமாக வந்தவர்களை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வெகுநேரம் அங்கேயே காத்துக் கிடந்துவிட்டு, டேங்கர் லாரி வரிசையில் மாட்டாமல் திரும்பலாம் என்று டிரைவர் பஸ்ஸை எங்கள் தெருவில் நுழைத்திருக்கிறார். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் நடுவில்தான் போக வேண்டும், ஓரமெல்லாம் பள்ளம். இங்கே நண்டு சிண்டுக்குக்கூட அது தெரியும். அவர் ஓரமாக விட்டார், சக்கரம் இறங்கிவிட்டது.

நான் கோபமாகப் போய், “இன்னா சார், ரோடு எது பள்ளம் எதுன்னு யாரையாவது கேக்கறதுதானே?” என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் என் மகள். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று.

பெற்ற தாயையே யாரோ மாதிரி நிற்கச் சொல்கிறாள், அதுவும் அவள் வீட்டு வாசலிலேயே. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தபோது அதட்டவும் மனசு வரவில்லை. அதற்குள் பெண் பிள்ளைகள் இறங்கி வந்து, “ஆன்ட்டி, காலைலேர்ந்து பஸ்லயே இருக்கோம். பாத்ரூம் யூஸ் பண்ணிக்கலாமா?” என்று கேட்டார்கள். ஒருத்தி அழுதுவிடுவாள் போலிருந்தாள். “இத்துக்கு இன்னா கேள்வி, வாங்கம்மா” என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். கூடத்தில், கெமிஸ்ட்ரியில் முதலாவதாக வந்ததற்கு அவள் ஸ்கூலில் பரிசு வாங்கும் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. அதை ஆணியிலிருந்து கழற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன். வாசலுக்கு வந்து, கடைசியாக ஒதுங்கி நின்ற என் மகளைப் பார்த்து, “நீயும் வாம்மா, ஏன் தண்ணில நிக்கற?” என்றேன், யாரோ எவளோ மாதிரி. தலையைக் குனிந்தபடி தன் வீட்டுக்குள் விருந்தாளியாக வந்தாள்.

நான் டீ போடப் போனேன். பிள்ளைகள் வரிசையாகப் பின்பக்கம் போய் வந்தார்கள். திடீரென்று பாத்ரூமிலிருந்து அலறல். எங்கள் பாத்ரூம் கதவு முந்தைய வெள்ளத்தில் ஊறி உப்பியது. சும்மா சாத்தினால் பரவாயில்லை, அழுத்திச் சாத்தினால் நிலையில் இறுகிக்கொள்ளும். அழுவது போலிருந்தாளே, அந்தப் பெண்தான் உள்ளே. “கதவு திறக்கல, யாராவது வாங்க” என்று ஒரே அழுகை. வெளியே இருந்தவர்கள் கதவை மேல்பக்கம் தள்ளத் தள்ள, கீழே அது இன்னும் இறுகியது. சார் வாசலில் நின்றபடி, பேனிக் ஆகாதே என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு எழுவதற்குள் என் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

“தள்ளாதீங்கடி, நவுருங்க” என்றாள். கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கி, அடியில் காலால் ஓர் உதை. நாங்கள் தினமும் செய்வதுதான். கதவு திறந்துகொண்டது.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அழுத பெண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உனக்கு எப்படிடி தெரியும்?” என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நானே ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டேன். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவர்களைப் பார்த்தாள். “எங்க வூட்டுக் கதவு, எனக்குத் தெரியாதா? வெள்ளம் வந்து ஊறிப் போச்சி. இவங்க எங்கம்மா” என்றாள். காலேஜில் ஒரு நாளும் அவள் ‘வூடு’ என்று சொல்லியிருக்க மாட்டாள்.

ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள், “அப்போ காலைல இங்கேருந்து காலேஜ் வந்து, அங்கேருந்து மறுபடி இங்கயே வந்தியா?” அவ்வளவுதான், கூடமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். சார் மட்டும் சிரிக்கவில்லை. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்” என்றார் என்னிடம். இந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள். “நான்தான் சார் போன்ல சொன்னேன். ரூல்ஸுன்னு வெச்சிட்டீங்களே” என்றேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

ஒரு டேங்கர் லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து பஸ்ஸைக் கரையேற்றினார். எல்லோரும் ஏறினார்கள். சார் என் மகளையும் கூப்பிட்டார், காலேஜில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மார்க்காம். பிள்ளை அவள் வீட்டு வாசலில் நிற்கிறாள், வீட்டுக்கு வருவதற்காக அவளை ஊர்க்கோடிக்குக் கூப்பிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “நான் வூட்டுக்கு வந்துட்டேன் சார். ஆப்சென்ட் போட்டுக்கங்க” என்றாள். போட்டார்கள். இன்டர்னல் மார்க்கும் போனது. ஃபேக்டரியை யாருமே பார்க்காத விசிட்டுக்கு மற்ற எல்லோருக்கும் முழு மார்க்.

பஸ் போன பிறகு அவள் நேராகப் போய் அரிசி டிரம்மைத் திறந்து போட்டோவை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தவிட்டைத் துப்பட்டாவால் துடைத்தாள். “உள்ள வந்ததுமே வெறும் ஆணியப் பாத்தேம்மா. நான் ஒளிச்சேன், சரி. நீ ஏம்மா என்னைய ஒளிச்ச?” என்றாள். “உனக்காகத்தான்டி” என்று எரிந்து விழுந்தேன். ஆனால் சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நூல் வாங்கும் கடையில் இருப்பவர்கள், ட்ரெயினில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், உறவுக்காரர்களின் கல்யாணத்தில் பார்க்கிறவர்கள் என்று யாராக இருந்தாலும், வீடு எங்கே என்று கேட்டால், “மணலி பக்கம்” என்று மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். அவள் தேரடிக்குக் குடி போனதற்காகக் கத்தித் தீர்த்தேனே, அவளுக்கு வழி காட்டியதே நான்தான்.

அந்தக் கதவு இன்னும் இறுகிக்கொண்டுதான் இருக்கிறது, தினமும் அதைத் திட்டியபடிதான் உதைக்கிறேன். ஆனால் இப்போது யாராவது எந்த ஊர் என்று கேட்டால், என் மகள் வாயைத் திறப்பதற்கு முன் சடையங்குப்பம் என்று சொல்லிவிடுகிறவள் நான்தான்.