ஊற்றுக்கு மேலே இருந்த நிலம்

ஜப்பானின் கியூஷூத் தீவு மலைப்பக்கத்தில் மரக்கட்டைகளில் காளான் வளர்த்துப் பிழைப்பவள் சனாயே. வயது அறுபத்தொன்று. அவள் கட்டைகள் நனைவதும் அவள் வீட்டில் சோறு வேகுவதும் ஒரே ஊற்றுத் தண்ணீரில்தான். அந்த ஊற்றுக்கு மேலே உள்ள நிலத்தை முஸ்லிம்கள் இடுகாட்டுக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், வீடு வீடாக ஏறி எதிர்ப்பு மனுவுக்கு நூற்றுப்பத்துக் கையெழுத்து வாங்கினாள். எரிக்காமல் புதைத்தால் தண்ணீர் என்னாகும்? அவளுக்கு அந்தப் பயம்தான்.

ஊர் மண்டபத்தில் கூட்டம். முன்வரிசையில் நிலம் கேட்பவர்கள் சார்பில் தன்வீர், இருபது வருஷமாக இங்கே கார் பழுது பார்ப்பவர். பக்கத்தில் முக்காடு போட்ட ஓர் இளம்பெண். சனாயே பேசி முடித்ததும் கைதட்டினார்கள். அடுத்து ஹதநாகா எழுந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர்.

"தண்ணிய விடுங்க. இன்னிக்குப் பொணத்தோட வருவாங்க, நாளைக்குக் குண்டோட வருவாங்க. டிவில பாக்கலியா?"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. ஹதநாகா அந்த இளம்பெண் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா முக்காடு, உன் நாட்டுக்கே கொண்டுபோய்ப் பொதைக்க வேண்டியதுதானே?"

அந்தப் பெண் எழுந்தாள். அச்சு அசல் இந்தப் பள்ளத்தாக்கின் பேச்சு. "என் நாடு இதுதான் மாமா. கீழூர் அரிசி மில் இஷிபாஷி வீட்டுப் பொண்ணு, மயு. போன மாசம் எனக்குக் கொழந்தை செத்துப் பொறந்துச்சு. பக்கத்துல எங்களுக்கு இடுகாடு இல்லாம, எட்டு மணி நேரம் வண்டில கொண்டுபோய் அடக்கம் பண்ணேன்."

"எவனோ மயக்கிக் கட்டிட்டான்," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

தன்வீரோடு வந்த ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இந்த நெலமே வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். வாங்க போலாம்."

"எங்க போறது? உக்காரு," என்று தன்வீர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் ஹதநாகா முன்வரிசைக்கே வந்துவிட்டார்.

சனாயே மைக்கைப் பிடுங்கினாள். "ஹதநாகா சான், உக்காருங்க. நான் வாங்குன கையெழுத்து தண்ணிக்காக. இவங்க சாமிக்கு எதிரா இல்ல."

"நீ எந்தப் பக்கம்?"

"அதே பக்கம்தான். இப்பவும் எதுக்கறேன். ஆனா எங்க தாத்தாவையும் ஊத்துக்கு மேல அந்தச் சரிவுலதான் மண்ணுல பொதைச்சாங்க. எனக்கு அஞ்சு வயசு, குழிய எட்டிப் பாத்தேன். அப்ப இந்த ஊர்ல யாரும் குண்டப் பத்திப் பேசல." பிறகு தன்வீர் பக்கம் திரும்பினாள். "தண்ணியச் சோதிக்காம ஒரு குழி தோண்ட விடமாட்டேன்."

"நானும் சோதனைதான் கேக்கறேன். நீங்களே கூட வந்து பாருங்க."

மறுவாரம் முதல், வீடு வீடாகக் கைமாறும் ஊர் அறிவிப்புக் கோப்பு சனாயே வீட்டுக்கு மட்டும் வராமல் தாண்டிப் போனது. இருபது வருஷத் தோழிகள் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹதநாகா கையெழுத்துத் தாள்களை வாங்கிக்கொண்டு அவள் பெயரை அடித்துவிட்டார்.

ஒரு வருஷம் அவளும் தன்வீரும் மாதாமாதம் ஊற்றுத் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் சரிவின் மழைநீர் நேராக ஊற்றுக்குத்தான் இறங்குகிறது என்று தெரிந்தது. சனாயே பயந்தது சரி. மயுதான் வெடித்தாள்: "அப்ப நாங்க இன்னும் எத்தன வருஷம் காத்திருக்கணும்?" சனாயே தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மலைமுதுகுக்கு அந்தப் பக்கம், ஊற்றுக்குத் தண்ணீர் இறங்காத வேறு நிலம் அமைய இரண்டு வருஷம் ஆனது. பக்கத்து நிலக்காரர் ஒப்புதல் வேண்டியிருந்தது. அங்கே சனாயேவுக்கு ஒரு துண்டுக் காடு உண்டு. ஒப்புதல் நாளில் ஊர் மண்டபத்தில் எதிர் மேசையிலிருந்து ஹதநாகா பார்த்துக்கொண்டே இருந்தார். சனாயே ஒப்புதல் தாளை இழுத்துத் தன் பெயர் முத்திரையை எடுத்தாள். அழுத்தித்தான் வைத்தாள்.