மூடியில் கட்டிய துணி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்கும் நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டாள். தூங்கும்போதாவது கழற்றுகிறாளா என்பதை அவள் புருஷனைத்தான் கேட்க வேண்டும். இருபது வயதில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து, நாள் முழுக்கக் காலர் மட்டுமே தைத்தவள். மூன்று வருஷமாக ஒரு முழுச் சட்டையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சலிப்பில்தான் வேலையை உதறிவிட்டு, வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். வருஷக் கடைசி விடுமுறைக்குக் கடையைப் பூட்டுமுன், வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் ஆரஞ்சு ஜாம் கொடுக்காமல் விடமாட்டாள். இந்த இரண்டாவது, வெட்கத்தில் தொடங்கியது. கடை திறந்த முதல் வருஷம் ஒருத்தர் துணியையும் சொன்ன தேதிக்குக் கொடுத்தபாடில்லை. சாக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு பாத்திரம் நிறைய ஜாம் காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுவருஷம் துணியெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் ஜாம் எங்கே என்று கேட்டார்கள். ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா?

தைத்ததில் மிஞ்சும் துண்டுகளை அவள் குப்பையில் போடுவதில்லை. ஆளுக்கொரு காகித உறை வைத்து, மேலே யாருடையது என்று எழுதி, அதில் போட்டுவிடுவாள். விடுமுறை வந்ததும் அந்தத் துண்டை வட்டமாக வெட்டி, அவரவர் பாட்டில் மூடிமேல் போர்த்தி நூலால் கட்டுவாள். பாட்டிலில் பெயர் எழுத வேண்டிய தேவையே இல்லை. தன் சட்டைத் துணி தனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் ஐம்பத்திரண்டு பாட்டில்கள். புருஷன் இரண்டு நாளாக ஆரஞ்சுத் தோலை மெல்லிசாக நறுக்கி நறுக்கி, விரலெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தார். விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார், மூடி கட்டுவதையும் கொண்டுபோய்க் கொடுப்பதையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். டேப் அக்காவுக்கு அடுப்பை விட்டு நகர முடியாது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால், மேலே மெல்லிய சுருக்கம் விழ வேண்டும். அதுதான் பதம். கொஞ்சம் அசந்தால் கரண்டி நிற்கிற அளவுக்கு இறுகிவிடும்.

மதியம் ஒரு தெரு முழுக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பிய நாத்தனாருக்கு ஒரே பெருமை.

"இருக்கறதிலேயே டீச்சர் பாட்டில்தான் அண்ணி அழகு. அவங்க உறையில மஞ்சள்ல வெள்ளைப் புள்ளி போட்ட துணி இருந்துச்சு. அத வச்சுத்தான் கட்டினேன்."

டேப் அக்காவின் கை நின்றுவிட்டது. பிறகு, கொதித்துக்கொண்டிருந்த ஜாமைப் பாதியிலேயே அணைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

அந்த மஞ்சள் துணியை டீச்சர் தன் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. குழந்தை பிறந்ததும் அளவு சொல்கிறேன், அப்புறம் தைத்தால் போதும் என்றாள். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்ட டேப் அக்கா, டீச்சர் படி இறங்கியதும் ஆசை தாங்காமல் அன்றைக்கே ஒரு உத்தேசமாக வெட்டித் தைத்துவிட்டாள். வாழ்நாளில் அளவெடுக்காமல் அவள் வெட்டிய ஒரே துணி அதுதான். மிஞ்சிய துண்டைப் பழக்கதோஷத்தில் டீச்சர் உறையில் போட்டாள். இரண்டு மாதம் கழித்து டீச்சரின் கணவர் தனியாக வந்து நின்றார். குழந்தை ஒருநாள்கூடத் தங்கவில்லை என்றார். துணியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்னும் கத்தரியே வைக்கவில்லை என்று அவள் பொய் சொன்னாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார். பட்டன் மட்டும் வைக்காத அந்தச் சட்டை, இன்னும் அலமாரியின் அடித்தட்டில்தான் இருந்தது.

டீச்சர் உறையில் நீலத் துண்டும் ஒன்று இருந்தது. அதை வேறொரு பாட்டிலில் கட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். பாட்டிலை இன்னும் பிரிக்காமல் இருந்தால் மாற்றிவிடலாம் என்ற நப்பாசை. போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். நாத்தனாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துண்டைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தது இவள் கைதானே.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பாட்டில் மேஜைமேல் இருந்தது. துணி டீச்சரின் மடியில் இருந்தது. டேப் அக்கா கையிலிருந்த நீல மூடியை டீச்சர் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்பது புரிந்துவிட்டது.

"வெட்டவே இல்லைன்னு சொன்னீங்களாமே அக்கா."

"பொய் சொல்லிட்டேன் டீச்சர். மன்னிச்சுடுங்க."

"அப்போ சட்டை இருக்கா?"

இருக்கிறது என்று தலையாட்டினாள். டீச்சர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். கடைக்குள் ஆரஞ்சும் சர்க்கரையும் கலந்த வாசனை கப்பென்று நின்றது. அவர்களைப் பார்த்ததும் நாத்தனார் உள்ளே போய்விட்டாள். டேப் அக்கா அடித்தட்டிலிருந்து சட்டையை எடுத்து, துணி வெட்டும் மேஜைமேல் விரித்து வைத்தாள். டீச்சர் அழுதால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. டீச்சர் அழவில்லை. சுருக்கம் போகச் சட்டையைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"இது பெருசுக்கா. இவ்வளவு பெருசு இல்ல அவ."

டீச்சர் சட்டையின் தோள்களை மெல்ல உள்பக்கம் மடித்துப் பார்த்தாள்.

"எல்லாரும் அத மறந்துடு, மறந்துடுன்னு சொன்னாங்க. அவ எப்படி இருந்தான்னு ஒருத்தர்கூடக் கேக்கல. நாப்பத்தேழு சென்டிமீட்டர் இருந்தா. நர்ஸ் சொன்னாங்க. பிறந்ததும் சொல்றேன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேன்ல, அதான் ஞாபகம் வச்சுக்கிட்டேன்."

 டேப் அக்காவுக்குத் தெரிந்தது ஒரு வேலைதான். அளவு நோட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடினாள். ‘டீச்சர் வீட்டுக் குழந்தை. அளவு: பிறந்த பிறகு’ என்று இருந்தது. ‘குழந்தை’ என்பதை அடித்துவிட்டு ‘மகள்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, நீளம் நாற்பத்தேழு. பிறகு, வாசலில் வந்து நிற்கிற எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"தோள் எவ்வளவு இருக்கும் டீச்சர்?"

 டீச்சர் இரண்டு கைகளையும் மேஜைமேல் கொண்டுவந்து, நடுவில் யாரையோ பிடித்திருப்பதுபோல மெதுவாக வைத்தாள். டேப் அக்கா கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றினாள். அந்தக் கைகள் அசையாமல் இருக்க, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பிடித்து அளந்தாள்.

பதினாலு. எழுதிக்கொண்டாள்.