கேட்டுவிட்டு எழுதிய மனிதர்

கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையை நினைத்தால் மண்ணெண்ணெய் வாடைதான் முதலில் வருகிறது. இந்தியாவிலிருந்து வந்து அந்த அறையில் வாடகைக்கு இருந்த பத்திரிகை ஆசிரியர், மை படிந்த ஈய எழுத்துகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய சாரன் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்ததும் விற்பனைக்கு வரும் அந்தச் சின்னப் பத்திரிகைக்கு எழுதுவதும் எழுத்துக் கோப்பதும் அச்சடிப்பதும் அவர்தான். ஊருக்கு அவர் "பேப்பர்க் காக்கா", பேப்பர் அண்ணன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பற்றிக் குறை எழுதினாலும், அச்சேற்றுமுன் அந்த ஆளின் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டிப் பதில் கேட்பார். கிடைத்த பதிலை அதே அளவு எழுத்தில் கீழே போடுவார். ஒரு கடை முதலாளி பதிலுக்கு வெற்றிலையை இவர் சட்டையில் துப்பினாராம்; "வெற்றிலை துப்பினார்" என்று அதையும் போட்டுவிட்டார் என ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

எங்கள் வாப்பா பெரிய போடியார், வாய்க்கால் தலைப்பில் நிறைய வயல் உள்ளவர். ஒரு கோடைச் சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தபோது, முறைவைத்துத் தண்ணீர் பங்கிட வேண்டிய வட்டவிதானை எங்கள் வயலுக்கே திருப்பித் திருப்பி விட்டதால், நற்பிட்டிமுனைப் பக்கத்துக் கடைசி வயல்களில் வேளாண்மை கதிர் தள்ளாத குடலைப் பருவத்திலேயே கருகத் தொடங்கியது.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் ஆசிரியர் எங்கள் வீட்டு மண்டபத்துக்கு வந்து, நின்றபடியே அந்தச் செய்தியை வாப்பாவுக்கு வாசித்தார். "நீங்க சொல்றதையும் கீழே போடுறேன், போடியார்" என்றார்.

வாப்பா எழும்பினார். "எண்ட ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு என்னையே எழுதுறியா? இண்டைக்கு மஃரிபுக்கு முன்னால சாமானை ஏத்திக்கிட்டுப் போயிரு. நீ இந்தியாக்காரன். நான் ஒரு கதை கதைச்சா உன்னைக் கப்பலேத்திருவானுகள்."

ஆசிரியர் முன்னறைக்குப் போய் எழுத்துப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார். அந்நிய ஆண்கள் காதில் குரல் விழாமல் வாழ்ந்த உம்மா, அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"வாப்பாக்கிட்டச் சொல்லு மகள், இது எண்ட உம்மா வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. நான் பேப்பர்க் காக்காவைப் போகச் சொல்லல்ல."

நான் போய்ச் சொல்லத் தேவையிருக்கவில்லை. உம்மாவின் குரல் முன்னறை வரைக்கும் கேட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். கோபித்தால் தன் உடன்பிறந்தாள் வீட்டைத் தவிர அவருக்குப் போக்கிடம் இல்லை. வாப்பா தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்விட்டார். இனி வருவாரோ மாட்டாரோ என்று உம்மாவின் முகம் வெளுத்துக் கிடந்தது.

ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். "உம்மாகிட்டக் கேளு புள்ள, அந்தச் செய்தியை நிறுத்திடட்டுமா?"

வாப்பா போன திசையை உம்மா பார்த்தார். பிறகு, "அடிக்கச் சொல்லு. கடைசி வயல்காரன் ஊட்டிலயும் அடுப்பெரியணும்" என்றார்.

அச்சு இயந்திரம் ஓடியது. மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தியும், அதன் கீழே "போடியார் கோபப்பட்டார், மறுக்கவில்லை" என்ற வரியும் இருந்தன. தேத்தண்ணிக் கடையில் "போடியாருக்குப் பேப்பரிலதான் இடமாம், ஊட்டில இல்லையாம்" என்று நையாண்டி பண்ணினார்கள். அடுத்த முறைத் தண்ணீர் கடைசி வயல்வரை போனது. பாதி வேளாண்மையாவது தப்பியது.

ஆனால் அந்தப் போகம் முடியுமுன் அதிகாரிகள் ஜீப்பில் வந்து ஆசிரியரின் விசாவைக் கேட்டார்கள். நீட்டித்துத் தரமுடியாது என்றார்கள். அவர் ஒரு பெட்டியோடு திரைக்கு வெளியே நின்று உம்மாவுக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு எந்தச் சேதியும் இல்லை. அடுத்த வாரம் வாப்பா ஒன்றும் நடக்காதவர்போல வந்து சாப்பிட உட்கார்ந்தார். உம்மா சோறு வைத்தார். அதிகாரிகளுக்கு யார் காட்டிக் கொடுத்தது என்று உம்மா ஒருநாளும் கேட்கவில்லை, வாப்பாவும் சொல்லவில்லை. நான் அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தே வளர்ந்தேன்.

இப்போது வீடு என் மகளுடையது. முன்னறையில் கைபேசி திருத்தும் கடை இருக்கிறது. ஊருக்கென்று பத்திரிகை இல்லை. யாரும் யாரைப் பற்றியும் கைபேசியில் போட்டுவிடுகிறார்கள், வாசலுக்கு வந்து கேட்பவர் இல்லை. வாப்பாதான் காட்டிக் கொடுத்தாரா என்று மகள் கேட்கிறாள். எனக்கும் ஒரு நினைப்பு உண்டு. ஆனால் வாப்பா மௌத்தாகிவிட்டார். அவரிடம் போய்க் கேட்க முடியாது. கேட்காமல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.