காலில் பூசிய சவர்க்காரம்

நாகலெட்சுமி அக்கா மலை ஏறும்போது நாலு தடவையாவது நின்று, நெற்றியில் மாட்டிய கூடைக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

“அவ மலைக்குப் போறது கொழுந்து எடுக்கவா, கயிறு கட்டவா?” என்பார் கங்காணி சின்னத்தம்பி.

“உங்க வாயக் கட்டத்தான் கயிறு பத்தல, கங்காணி” என்பார் அக்கா.

இருபத்தாறு வருடமாகக் கொழுந்தெடுக்கிறார். மூச்சு வாங்குகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் இதயநோய் ஆய்வுக் குழு ஒன்று தோட்டத்துக்கு வந்தது. பட்டம் முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அதில்தான். ஈசிஜி எடுக்க வேண்டும். கூடவே மின்னணு ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலியைப் பதிய வேண்டும். சந்தேகமானவர்களைப் பிரித்துக் கொடுத்தால், டாக்டர் அஸீலா கையடக்க ஸ்கேனில் பார்ப்பார்.

அன்று காலையில் அக்காவின் ஈசிஜி கோடு நடுங்கியது. துடிப்புகளுக்கு நடுவே ஒரே கிறுக்கல். நான் அவர் கால்களைப் பார்த்தேன். இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கப் பூசிய சவர்க்காரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. “கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை டாக்டர், இங்கே எல்லாருமே பூசுவாங்க” என்றேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்ற பெருமை எனக்கு. துடைத்துவிட்டு இன்னொரு தடவை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. “ஒன்னுமில்லக்கா” என்று மலைக்கு அனுப்பிவிட்டேன்.

காலையில் கூட்டத்தின் சத்தத்தில் கேட்க முடியாமல்போன ஒலிப்பதிவுகளை மதியம் கேட்டேன். அக்காவின் இதயம் இரண்டடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஈசிஜியைப் பக்கத்தில் வைத்தேன். கோடு எங்கெங்கே தாறுமாறாக எழுந்ததோ, அங்கங்கே ஒலியும் தாறுமாறாக விழுந்தது. சவர்க்காரம் கோட்டைக் கெடுக்கலாம். ஒலியை எப்படிக் கெடுக்கும்?

குழுவின் வேன் மூன்று மணிக்குப் புறப்படும். அக்கா கொழுந்தெடுக்கும் ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினேன்.

“அக்கா, ஸ்கேன் எடுக்கணும். கீழ வாங்க.”

“நீதானே புள்ள ஒன்னுமில்லன்ன?”

“பிழையா சொல்லிட்டேன்.”

“படிச்சவங்களும் பிழ விடுவாங்களா?” என்று சிரித்தார். “எறங்கி ஏறுனா பொழுது போயிரும். நான் வரல.”

டாக்டருக்கு போன் செய்தேன். ஸ்கேனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவரே ஏறி வந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு விரித்து அக்காவைப் படுக்கவைத்தோம். திரையில் ஒரு வால்வு பாதிக்கு மேல் திறக்க மாட்டேன் என்றது.

“இரத்தம் உள்ளே தேங்கிக் கட்டியாகலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார் டாக்டர்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். என்னால் அவர் கால்களை மட்டுமே பார்க்க முடிந்தது. சவர்க்காரத்தைத் தெரிந்த எனக்கு, அந்தக் கயிறு ஏன் தெரியாமல் போனது?

கூடையைக் கங்காணி வாங்கிக்கொண்டார். வேன் நின்ற இடத்துக்கு மெதுவாக இறங்கினோம். பாதையின் இரண்டாவது முடக்கில் அக்காவின் கை நெற்றிக் கயிற்றைத் தேடிப் போயிற்று. அங்கே கயிறு இல்லை.

“நில்லு புள்ள,” என்றார். “மூச்சு வாங்குது.”